ஏழு தண்ணீரில் கழுவிய பட்டு

பெட்டிக்குள் துணி ஒட்டுவது என் தொழில். சொன்னால், "அதுக்குன்னு தனியா ஒரு ஆளா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்குப் போய்த் தங்கள் நகைப்பெட்டியைத் திறந்து, மூலையில் வெல்வெட் சுருங்கிக் கிடக்கிறதா, ஓரத்தில் பசை கசிந்து விறைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அடுத்தவன் ஒட்டிக் கெடுத்த பெட்டிகளைப் பார்த்து எரிச்சல்பட்டே என் பாதி ஆயுள் போயிற்று. நானே கெடுத்த ஒரு பெட்டியும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளில் ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்துப் பின்னறையில் குடியிருந்தேன். முன்பக்கம் மிளகாய் அரைக்கிற மில். தும்மாமல் ஒரு துணியை வெட்டி முடித்த நாள் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனத் தச்சர் இருந்தார். தேக்கிலும் கற்பூர மரத்திலும் கையாலேயே இழைத்துச் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்வார். தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் இருந்த நகைக்கடைக்காரர்கள் அவரிடம் பெட்டி சொல்லிச் செய்வார்கள்; உள்ளே துணி வைக்க அது என்னிடம் வரும்.

துணி விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்டதில்லை. தங்கத்துக்கு அரக்கு நிற வெல்வெட். வெள்ளைக்கல் தோட்டுக்குக் கருநீலம். வெள்ளிச் சாமான் வைக்கிற பெட்டியில் கம்பளித் துணி கூடவே கூடாது. வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் படியும், மறு பக்கம் சிலிர்த்துக்கொள்ளும். படிகிற பக்கம் பெட்டியின் வாயை நோக்கி இருந்தால்தான் நகையை எடுக்கும்போது துணி இழுக்காது. அடியில் வைக்கிற பஞ்சைப் பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் அது மெல்ல எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் பஞ்சு கூடுதல், எழும்பாமலே கிடந்தால் போதவில்லை. ஒரு நகைக்கடைக்காரர், மலிவாகக் கிடைத்ததென்று தாலிப் பெட்டிக்குக் கறுப்பு சாட்டின் கொடுத்தனுப்பினார். நான் நேரே கடைக்குப் போய், நாலு பேர் நகை பார்த்துக்கொண்டிருந்த மேசையில் துணியைப் போட்டு, "இத உங்க வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு வைப்பீங்களா?" என்று கேட்டேன். அதோடு அந்தக் கடை வேலை எனக்கு வருவது நின்றது. என் வாய் அப்படி.

பசையிலும் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பசை வைத்திருப்பேன். ஒன்று மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் சேர்த்தது. இன்னொன்று வச்சிரம், மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. தச்சரிடம் காய்ந்த வில்லைகளாகக் கிடைக்கும். ஊறவைத்துச் சூடு காட்டினால் இளகும். ஒட்டினால் விடாது. ஆனால் தாலிப் பெட்டி, விபூதிப் பெட்டி, சாமி நகைப் பெட்டி எதற்கும் நான் வச்சிரத்தைத் தொட்டதில்லை. மாட்டுத் தோலைக் காய்ச்சி அம்மன் தாலிக்கு அடியில் பூசுவதா? அந்தப் பெட்டிகளுக்குப் பலகையைக்கூடப் பசையில்லாமல் பல்லுக்குப் பல் கோர்த்துத் தரும்படி தச்சரிடம் சொல்லி வைத்திருந்தேன். யாரும் வந்து கேட்கப் போவதில்லைதான். இருந்தாலும் இந்த ஊரில் என் அளவுக்குச் சுத்தம் பார்க்கிற ஆள் கிடையாது என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

அம்மா இறந்தபிறகு அந்த அறையில் நான் தனி. அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. எனக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஒரு வீட்டில் பலகாரத் தட்டுக்கு அடியில் விரித்திருந்த துணியைப் பார்த்து, "ஓரம் கோணலா தச்சிருக்கே" என்று சொல்லிவிட்டேன். தைத்தது அந்தப் பெண்தான். இன்னோர் இடம் தானாகவே கலைந்தது. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தனியாக இருந்து பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். பொய். எனக்கு ஒருநாளும் பழகவில்லை. திங்கள் முதல் சனி வரை நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் நூறு தேறாது. அதிலும் பாதி, தச்சரோடு பேசிய பசார் மலாய், கடைத்தெருவில் புழங்குகிற அரைகுறை மலாய்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் ஒருவர் வருவார். அரபு ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணனை அந்த ஊர் முஸ்லிம்கள் நானா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார். முன்பெல்லாம் வெல்வெட் வெட்டுத் துண்டுகளை நான்தான் கடைக்குப் போய் எடுத்துவருவேன். ஒரு ஞாயிறு அவரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கடை சாத்திட்டா எனக்கும் பொழுது போவ மாட்டேங்குது தம்பி" என்றார். குடும்பம் ஊரில். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருவார். இங்கே கடைக்கு மேல்மாடியில், வேலையாட்களோடு ஓர் அறையில் படுக்கை.

வந்தால் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நான் டீ போடுவேன். திடலில் பந்தாட்டம் நடக்கும்; கோல் விழுந்தால் கூட்டம் போடுகிற சத்தம் அறைவரைக்கும் கேட்கும். "எந்தப் பக்கம் போட்டான்?" என்பார் அவர். "யாரு கண்டா?" என்பேன் நான். இரண்டு பேருக்கும் பந்தாட்டத்தில் அக்கறை கிடையாது. பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டோம். ஐந்து மணிக்கு எழுந்து, "வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். என் அறையில் இரண்டு கிளாஸ் இருந்தது அவரால்தான்.

ஒரு ஞாயிறு துணி மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். உட்காரவில்லை. "எங்க வூட்ல மவுத்தாயிட்டா தம்பி" என்றார். அவர் மனைவி இறந்து, அடக்கமும் முடிந்து, பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கடிதம் கையில் கிடைத்திருக்கிறது. டீ போட்டேன். அதை அவர் குடிக்கவில்லை. ஆனால் ஐந்து மணிவரை அங்கேதான் இருந்தார்.

சில மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இரண்டு சாமான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் தினமும் ஓதிய குர்ஆன் ஒன்று. கல்யாணத்தன்று தலையில் போட்டிருந்த பச்சைப் பட்டு ஒன்று. அடுத்த ஞாயிறு நானா அந்தப் பட்டை மடித்து எடுத்துவந்தார். கூடவே மூன்று முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிறு.

"கிதாபக் கொண்டாரல தம்பி. அளவு மட்டும் கயித்துல எடுத்தாந்தேன். மொத முடிச்சு நீளம், அடுத்தது அகலம், மூணாவது ஒசரம். ஒரு பொட்டி செஞ்சு குடு. உள்ளாற இந்தத் துணியவே ஒட்டிரு. இதத் தவுர அவளோடது எங்கிட்ட வேற ஒன்னுமில்ல."

அந்தப் பட்டைக் கையில் வாங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி அத்தனை மெல்லிசு. மைதாப் பசையில் தண்ணீர் அதிகம். இப்படிப்பட்ட துணியில் அது ஊறி மேலே வந்து வட்டம் வட்டமாகக் கறை காட்டும். வேறு ஒரு பட்டுத் துண்டில் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் கறை அப்படியே தெரிந்தது. வச்சிரத்தைக் கெட்டியாக இளக்கி, ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தால் ஊறுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். சாமிப் பெட்டிக்கு ஆகாத பசையாயிற்றே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மாட்டை அவர்கள் சாப்பிடுகிறவர்கள்தானே, அதன் தோலில் அவர்களுக்கு என்ன வந்தது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். பலகையையும் வச்சிரம் போட்டே சேர்க்கும்படி தச்சரிடம் சொன்னேன். என் ஆசாரத்தை மட்டும் வைத்து அவருடையதையும் அளந்தேன். பன்றி என்று ஒரு பிராணி இருப்பதே அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அட்டையையும் அதற்கேற்பப் பட்டையும் ஆறு துண்டாக வெட்டினேன்: அடிக்கு ஒன்று, சுவருக்கு நாலு, மூடிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் பஞ்சை ஒரே கனத்தில் பிய்த்துப் பரப்பி, பட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பின்பக்கம் மடித்து ஒட்டினேன். மூலையில் துணி தடிக்காமல் இருக்கச் சின்னதாய்க் கத்தரித்துவிட வேண்டும். ஒரு நூல் கூடுதலாக வெட்டினால் அட்டை பல்லிளிக்கும். பட்டின் சரிகைக் கரை மூடியின் ஓரத்தில் வரும்படி வைத்தேன். திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். என் கையால் அவ்வளவு நல்ல வேலை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

நானா பெட்டியைத் திறந்து, விரலின் பின்பக்கத்தால் பட்டைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கைலி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ போடு தம்பி" என்றார். அதன்பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் கொஞ்சம் கூடுதலாகப் பேச ஆரம்பித்தார். விடியலில் தொழுகை முடிந்ததும் பெட்டியைத் திறப்பதைச் சொல்வார். மனைவி எந்தப் பக்கத்தில் நிறுத்தினாளோ அங்கே ஒரு நூல் கிடந்ததாம். அங்கிருந்து தான் தொடர்ந்து ஓதுவதைச் சொல்வார். என் வேலை ஒருவர் வாழ்க்கைக்குள் அத்தனை தூரம் போனது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், கர்வமாகவும் இருந்தது.

நாலு மாதம் போயிருக்கும். மழைக்காலம். புதிதாக வாங்கிவந்த வச்சிர வில்லைகள் வெளிறிய நிறமாக இருந்தன, வாடையும் வேறு மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டு தச்சரிடம் போய், இது மாட்டுத் தோல்தானா என்று கேட்டேன். அவர் இழைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"லெம்பு அடா, பாபி அடா. சம்போர் லா."

மாடும் உண்டு, பன்றியும் உண்டு, கலந்துதான். எந்தத் தோல் மலிவோ அதைப் பசை காய்ச்சுகிறவன் பானையில் போடுவானாம். எப்போதிலிருந்து என்றேன். "டாரி டூலு" என்றார். முதலிலிருந்தே அப்படித்தான். என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்துக்கு என்ன தெரியும் என்று மலாயில் சொல்லிவிட்டு மறுபடி இழைக்க ஆரம்பித்தார்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். இன்னொருவர் வேதத்துக்கு அடியில், அவர் மனைவியின் கல்யாணப் பட்டில், அவர்கள் நிழலைக்கூட அண்ட விடாத பன்றியைக் காய்ச்சிப் பூசியிருக்கிறேன். அந்த வில்லையில் பன்றி இல்லாமலும் இருந்திருக்கலாம். யார் கண்டது? இந்த "யார் கண்டது" என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு நானாவுக்கு டீ போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்னால் அவர் எழுந்து போவார். போனால் வரமாட்டார். ஞாயிறும் சனிக்கிழமை மாதிரி ஆகிவிடும். அந்த அறையில் ஏழு நாளும் சனிக்கிழமையாக இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த வாரமும் தள்ளினேன். அவர் பெட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுந்து போய் அடுப்பைக் கிண்டினேன். "என்னா தம்பி, ஒடம்புக்கு சரியில்லையா?" என்று ஒருநாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதும் சொல்லவில்லை. பதினோரு ஞாயிறு போயிற்று.

பன்னிரண்டாவது ஞாயிறு எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. பெட்டியின் கீல் துருப்பிடித்திருக்கும், மாற்றித் தருகிறேன், கொண்டுவாருங்கள் என்றேன். அடுத்த வாரமே குர்ஆனை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். கெட்டில் ஆவியில் காட்டிப் பட்டை உரித்தெடுத்து, வேறு பசையில் ஒட்டி, புதுப் பலகையில் அதே மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை, மூடியின் வலது மூலையை ஆவியில் காட்டினேன். பசை இளகியது. இளகிய பசை பட்டுக்குள் ஊறி, சரிகைக் கரைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை பரவியது. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். இனி மறைக்க வழியில்லை.

ஆகவே நானாகச் சொன்னேன் என்று யாரும் எனக்குப் பெருமை தர வேண்டாம். மாட்டிக்கொண்டு சொன்னேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வந்து உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து காட்டினேன். தச்சர் சொன்னது, நான் மறைத்தது, ஆவியில் காட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். திடலில் அன்று ஆட்டம் இல்லை. அவர் பெட்டியைத் தொடவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொட்டி ஈரமா இருக்கும்போது கிதாபு அதுல இருந்துச்சா?"

"இல்ல நானா. நல்லாக் காஞ்ச பிறகுதான் உங்ககிட்டக் குடுத்தேன்."

"அப்ப கிதாபுக்கு ஒன்னுமில்ல. காஞ்ச அசுத்தம் காஞ்சதுல ஒட்டாது." மூச்சை விட்டார். "துணியையும் சுத்தம் பண்ணிரலாம். ஏழு தண்ணி அலசணும். அதுல ஒரு தண்ணியில மண்ணு கலக்கணும். எங்க மார்க்கத்துல அதுக்கு வழி இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. "தெரியாமப் பண்ணிட்டேன் நானா" என்றேன்.

"தெரியாமச் செஞ்சது குத்தமில்ல." எழுந்து நின்றார். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"மழை ஆரம்பிச்சப்ப."

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்பறம் எத்தன ஞாயித்துக்கெழம வந்திருக்கேன் நான். அவ துணிமேல வச்சு ஓதுறேன், ஓதுறேன்னு உங்கிட்டயே சொன்னேன். நீ எனக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு அதக் கேட்டுக்கிட்டு இருந்தே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, சண்டை போட்டு, பிறகு சமாதானமாகியிருக்கலாம். "துணிய அலசிக் கடையில குடுத்துரு. பொட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வழக்கமாகச் சொல்கிற "வர்றேன்" அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நாள் எல்லா அட்டையிலிருந்தும் பட்டை உரித்தேன். திடலில் போய் மழையில் ஊறிய மண் ஒரு கைப்பிடி எடுத்துவந்தேன். பின்கட்டுக் குழாயடியில் புது வாளி ஒன்றை வைத்து, முதல் தண்ணீரில் மண்ணைக் கரைத்து அலசினேன். பிறகு ஆறு தண்ணீர். ஒவ்வொரு தடவையும் வாளியைக் கவிழ்த்துக் கழுவி, வாய்விட்டு எண்ணினேன். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று பயந்து, குழாயடிக்கு வந்த மில்காரர் பேசியதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை. ஆறு துண்டுகளையும் நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பு வரிசைப்படியே இணைத்து, கண்ணுக்குத் தெரியாத தையலாகப் பட்டு நூலில் தைத்தேன். பச்சை வெளுத்துவிட்டது. மூலைக் கறை மட்டும் ஏழு தண்ணீருக்கும் போகாமல் நின்றது.

அரபு ஸ்திரீட்டுக்குக் கொண்டுபோனேன். கடையில் கூட்டம். நானா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சிரித்த முகமாக, "வாங்க சார், உக்காருங்க" என்றார். பையனைக் கூப்பிட்டு எனக்குக் குளிர்பானம் வாங்கி வரச் சொன்னார். பட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். கடைக்கு வருகிற எல்லாரையும் அவர் அப்படித்தான் வரவேற்பார். என்னை அதுவரை அப்படி வரவேற்றதில்லை. குளிர்பானம் வருவதற்கு முன் நான் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்காமல் வீடுவரை நடந்தேன்.

பிறகு நாலைந்து வருடம் எனக்கு எப்படிப் போயிற்று என்று எழுத ஒன்றுமில்லை. எல்லா நாளும் சனிக்கிழமையாகத்தான் இருந்தது. பைத்தியம் பிடிக்கவில்லை, அதுகூடப் பிடிக்காமல் நாள் ஓடியது. வச்சிரத்தை அடியோடு விட்டேன். ஞாயிறு மூன்று மணிக்கு அறையில் இருக்க முடியாமல் திடலுக்குப் போய், யார் யாரோ உதைக்கிற பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோல் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் கத்துவார்கள். எந்தப் பக்கம் போட்டான் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அரபு ஸ்திரீட் கடையின் கணக்குப்பிள்ளை வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். மூன்று முடிச்சுப் போட்ட சணல் கயிறு.

"மொதலாளி கடையக் குடுத்துட்டு ஊருக்கே போறாங்க. வர்ற ஞாயிறு கப்பல். அதுக்குள்ள ஒரு பொட்டி வேணுமாம். உங்ககிட்டச் சொன்னாப் போதும்னாங்க. துணி ஒன்னும் ஒட்ட வேணாமாம்."

அன்றே தச்சரிடம் ஓடினேன். பசை கூடாது, ஆணி கூடாது, பல் கோர்த்து மர முளை அடிக்க வேண்டும் என்றேன். நாலு நாளில் எப்படி முடியும் என்று அவர் முனகினார். அந்த நாலு நாளும் என் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பசைச் சட்டி எரிந்த அடுப்பைப் பட்டறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். "உனக்குப் பைத்தியம் லா" என்று மலாயில் திட்டிக்கொண்டே வைத்தார். உள்பக்கத்தை மட்டும் நானே தேய்த்தேன். முதலில் உப்புத்தாள், பிறகு வெறும் துணி, கடைசியில் உள்ளங்கை. என் வாழ்க்கையில் பெட்டிக்குள் துணி வைக்காமல் நான் முடித்த ஒரே வேலை அது.

ஞாயிறு காலை துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். டிரங்குப் பெட்டிகளும் மெத்தைச் சுருட்டுகளும் வழியனுப்ப வந்த கூட்டமுமாக நிற்க இடமில்லை. நானா தாடி முழுக்க நரைத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய குர்ஆன். நான் பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கித் திறந்தார்.

"பசை?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல நானா. பக்கத்துலயே இருந்தேன்."

தோள்பையிலிருந்து வெளுத்த பச்சைப் பட்டை எடுத்தார். ஒட்டாமல், சும்மா அடியில் விரித்தார். மூலைக் கறையை உள்ளே மடித்து மறைத்திருக்கலாம். மடிக்கவில்லை, மேலே தெரியும்படியே போட்டு, விரலின் பின்பக்கத்தால் ஒருமுறை நீவிவிட்டார். பிறகு வெள்ளைத் துணியைப் பிரித்துக் குர்ஆனை அதன்மேல் வைத்தார். முடிச்சளவு சரியாக இருந்தது. மூடி சத்தமில்லாமல் படிந்தது.

ஆட்களைக் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன், அல்லது நானாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"வர்றேன் தம்பி" என்றார்.

கப்பல் நகர்ந்த பிறகும் நெடுநேரம் நின்றுவிட்டுப் பஸ் பிடித்து வந்தேன். அறைக்குள் நுழையும்போது மணி மூன்று ஆகியிருந்தது. திடலில் கோல் விழுந்து கூட்டம் கத்தியது. அடுப்பைப் பற்றவைத்து, பழக்க தோஷத்தில் இரண்டு கிளாஸிலும் டீ ஊற்றினேன். இரண்டையும் நானே குடித்தேன்.